ரோஜா போட்ட கையெழுத்து

ரோஜா என்கிற பேரை சவுரியம்மாள் முதன்முதலில் கேட்டது பெருமுக்கல் பக்கம் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தபோது. தம்பி சைக்கிளில் வந்து வரப்போரம் நின்று, "அக்கா, பொண்ணு பொறந்திருக்குது. ரோஜான்னு வெச்சிட்டேன்" என்று கத்தினான்.

அந்த ரோஜா ஐந்து வருஷம் கட்டடம் வரையும் படிப்பு படித்து, திண்டிவனத்தில் வேங்கடேசன் என்பவர் ஆபீசில் சேர்ந்தாள். முதல் சம்பளம் பன்னிரண்டாயிரம். கக்கூஸ் கதவு எந்தப் பக்கம் திறக்கணும் என்று கம்ப்யூட்டரில் வரைகிற வேலை. மறு வருஷம் பதினெட்டு. வெயிலில் நின்று மேஸ்திரிகளை வேலை வாங்கினாள். மூன்றாம் வருஷம் முப்பத்தைந்து. கூட்டேரிப்பட்டில் கட்டிய கல்யாண மண்டபத்துப் பலகையில் அவள் பேரே ஏறியது.

எழுத்து தெரியாத சவுரியம்மாள் அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தாள். மகன் தேவா கல்யாணத்துக்கு அங்கேயே தேதி வாங்கினாள். விழுப்புரம் வீட்டுக்கு வந்த ரோஜாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே அதைச் சொன்னாள். ரோஜாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

கொஞ்ச நாளாகவே அவள் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தாள். அத்தை கவனித்திருந்தாள்.

"வேற மண்டபம் பாரு அத்தை."

"ஏண்டி, பெரிய ஆளாயிட்ட. நாங்க வந்து நின்னா உனுக்கு கவுரவக் கொறச்சலா?"

"அது இல்ல. மேடையை மறைக்குதுன்னு ஓனரு நடுத்தூணை எடுக்கச் சொல்லிட்டாரு. வரைஞ்சதுல தூண் இருக்குது, கட்டினதுல இல்ல. சம்பளம் ஏத்தின அன்னிக்கே எங்க ஆபீஸ் சாரு பேப்பரை நீட்டினாரு. வரைஞ்சபடியே கட்டியிருக்குதுன்னு கையெழுத்து போட்டுட்டேன். இப்ப உத்தரத்துல முடி மாதிரி ஒரு விரிசல். போன மாசம் வெள்ளையடிச்சு மறைச்சாங்க. நேத்து பாத்தேன், மறுபடியும் தெரியுது. நீண்டுக்கினு போவுது."

சவுரியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கள மட்டும் வராதன்ற. அதே தேதியில வேற யாராச்சும் பந்தி போடுவாங்களே, அவங்க யாரு ஊட்டுப் புள்ளைங்க?"

ரோஜா பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினாள். மறுநாள் எல்லாவற்றையும் எழுதி, அடியில் கையெழுத்து போட்டு, கலெக்டர் ஆபீசில் கொடுத்தாள். சாயங்காலமே வேலை போயிற்று. "போர்டுல உன் பேருதாம்மா இருக்குது, ஞாபகம் வெச்சுக்கோ" என்று வேங்கடேசன் போனில் சொல்லி வைத்துவிட்டார்.

தேவா கல்யாணம் மாதா கோயில் வாசலில் பந்தல் போட்டு நடந்தது. மண்டபத்தை வந்து பார்க்கிறோம் என்ற அதிகாரிகள் இன்னும் வரவில்லை. இந்த ஆவணியில் அங்கே பதினோரு கல்யாணம். ரோஜா இப்போது விழுப்புரத்தில் அத்தை வீட்டில் இருக்கிறாள். தினம் காலையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வருகிறாள்.