மூழ்கிய துண்டு

கூட்ட மேசையின் நடுவில் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் ஆல்கஹோல் கலந்த தண்ணீர், இரண்டு வெள்ளைப் பொலித்தீன் துண்டுகள். ஒன்று மிதந்தது; மற்றது மெல்ல இறங்கி அடியில் அமர்ந்தது. அதைக் கொண்டுவந்து வைத்த எங்கள் ஆய்வுகூட மேலாளரின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மெல்பேர்னில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கிகள் வார்க்கும் அந்தத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். மேலாளர் மலேசியத் தமிழர். அக்கா என்றே அழைப்பேன். நான் குடியிருந்த நோபல் பார்க்கிலிருந்து என்னைத் தன் காரில் ஏற்றிவருபவரும் அவர்தான். புதிதாக வார்த்த தாங்கிகளில் பிளாஸ்டிக்கின் அடர்த்தி கூடியிருக்கிறது என்று நான் அளந்து சொன்னதும் அவற்றை அனுப்பாமல் நிறுத்தினார்கள். மூலப்பொருள் மாறவில்லை என்று உறுதியானபோது, நான் கவனமில்லாமல் மாதிரிகளைக் குழப்பிவிட்டேன் என்று அக்கா கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குக் காது சுட்டது. அன்று மாலை அவருடைய காரில் ஏறாமல் ரயிலில் வீட்டுக்குப் போனேன்.

அந்தக் குவளை வந்தது அடுத்த கூட்டத்தில். தாங்கி வார்க்கும் அதே பிளாஸ்டிக் குருணையை உருக்கி, பாதியை ஐஸ் தண்ணீரில் போட்டிருந்தார். மறுபாதியைச் சூளைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டிருந்தார்; மூழ்கியது அதுதான். சட்டென்று குளிர்ந்தால் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்குப்பட்டபடியே உறைந்துவிடும். நிதானமாக ஆறும்போது அவை மடிந்து, வரிசைப்பட்டு, நெருக்கமான படிகங்களாகும். பொருள் அதேதான், ஆனால் அடர்த்தி கூடும், விறைக்கும், இடிபட்டால் வெடித்துப் பிளந்துவிடும். வார்ப்பு இயந்திரத்தின் குளிரூட்டும் விசிறி பழுதாகி, தாங்கிகள் மெதுவாக ஆறிக்கொண்டிருந்ததையும் அவரே போய்க் கண்டுபிடித்திருந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து நின்று, என் அளவீடு சரியென்றும், விசாரிக்காமல் பழிபோட்டது தன் தவறென்றும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "மன்னிச்சிருங்க தம்பி" என்றார்.

"போதும் அக்கா, விடுங்கோ" என்றேன். அவர் தலைகுனிய வேண்டும் என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது உண்மை. குனிந்தபோது கூசிப்போனது நான்தான்.

இப்போது சிட்னியில் நானும் ஒரு ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். போன மாதம் கூட்டத்தில் ஒரு இளம்பெண்ணின் அளவீடு பிழையென்று சத்தமாகச் சொன்னேன். பிழை அவளுடையதல்ல என்று பிறகு தெரிந்தது. அவளை என் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சொரி என்று மன்னிப்புக் கேட்டேன். "இட்ஸ் ஓகே" என்று போய்விட்டாள். அன்று கூட்டத்தில் இருந்த மற்றவர்களுக்கு அது இன்னும் தெரியாது.