உப்பக்காவின் பெயர்ப்பலகை

நாத்தனார் வாயால் நல்ல பேர் வாங்குவது நடக்கிற காரியமில்லை என்பார்கள். நான் நாத்தனார்தான். ஆனாலும் என் அண்ணியைப் பற்றி நல்லதாகவே சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

தெருவில் எல்லாருக்கும் அவள் உப்பக்கா. காரணம் எங்கள் குழாய்த் தண்ணீர். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். உள்ளே அத்தனையும் சுண்ணாம்பு. அதைத்தான் நாங்கள் உப்பு என்கிறோம். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தேய்க்கிறவர்களுக்குக் கோபம்தான் நுரைதள்ளும். கெட்டிலுக்குள் வெள்ளைப் பொருக்கு கட்டும். மெஷினில் துவைத்த துண்டு அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் காய்ச்சுகிற எந்தச் சாமானும் இங்கே ஆயுசு முடிந்து போவதில்லை, உப்படைத்துத்தான் போகும்.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் குளியலறை ஷவர் அழுது வடியும். பாதித் துளை அடைப்பு. மீதியில் ஒன்று சுவரைப் பார்த்துப் பீய்ச்சும், இன்னொன்று நம் கண்ணைப் பார்த்து. நாங்கள் பல வருஷமாக அதற்குக் கீழே வளைந்து நெளிந்து குளித்துப் பழகியிருந்தோம். அண்ணி வந்த மறுநாளே அதைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டுவிட்டாள்.

"வந்து ஒரு நாள் ஆகல, வீட்டையே கழட்ட ஆரம்பிச்சிட்டா!" என்று அம்மா என் காதைக் கடித்தாள். சாயங்காலம் முகம் கழுவ உள்ளே போய்த் தெரியாமல் ஷவரைத் திருகிய அம்மா, தலையோடு நனைந்து வெளியே வந்தாள். அதற்குப் பிறகு முணுமுணுப்பைக் குறைத்துக்கொண்டாள். விடவில்லை, குறைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன் அண்ணி மெஷின் விற்கிற கடையில் கவுன்டரில் நின்றவள். கீசரும் துவைக்கிற மெஷினும் வாங்கிப்போனவர்கள் கொஞ்ச நாளில் சண்டைக்கு வருவார்கள். திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் அதே வெள்ளைப் பொருக்கு. விற்பதைவிடத் திறந்து பார்ப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கடை மெக்கானிக்கை நச்சரித்து வேலையைக் கற்றுக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வீடு வீடாகப் போய் உப்பைச் சுரண்டிப் பழுது பார்த்தாள், உப்பக்கா ஆனாள். அண்ணன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். ஓய்வு நாளில் கனமான சாமானைத் தூக்கிக் கொடுப்பான்.

அடக்கம் என்பது அண்ணியிடம் மருந்துக்கும் கிடையாது. "இந்தத் தண்ணிக்கும் எனக்கும் ஜென்மப் பகை. ஜெயிக்கப்போறது நான்தான்" என்பாள். கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்குகிற காயில் கம்பியில் ஒரு பொட்டு வெள்ளை மிச்சமிருந்தாலும் மறுபடி உட்கார்ந்து சுரண்டுவாள்.

"அதான் சுடுதே, விட்டுத்தொலையேன்" என்று அண்ணன் அலுத்துக்கொண்டால், "அரைகுறை வேலைக்கு வேற ஆளப் பாருங்க" என்பாள்.

சொந்தமாக ஒரு கடை வைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. நிலையான வேலை ஒன்று கையில் இருந்தால் துணிந்து கடையைப் பிடித்துவிடலாம். அந்த வாய்ப்பும் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கிருந்து தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பினாள்.

"கீசர் கடமுடன்னு சத்தம் போடுது, தண்ணி சுடவும் நேரமாகுது. இத ஒழுங்கா பண்ணிக் குடு. இங்க இருக்கிற எல்லா மெஷினையும் உன்கிட்டயே விட்டுடுறேன்."

அண்ணி அன்றைக்கே பெயர்ப்பலகை எழுதக் கொடுத்துவிட்டாள். கடையே இல்லை, பலகை வந்துவிட்டது! அதைக் கூடத்தில் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தி வைத்தோம்.

ஆஸ்பத்திரி கீசர் ஓர் ஆள் உயரம். அண்ணி தண்ணீரை வடித்துவிட்டு மூடியைக் கழற்றினாள். காயில் கம்பி மேல் கைப் பருமனுக்கு வெள்ளை ஏறியிருந்தது. அதைச் சுத்தம் செய்ததோடு நின்றிருக்கலாம். அவள் நிற்கிற ஆளா? தொட்டியின் அடியில் படிந்திருந்ததையும் ஆசிட் ஊற்றி இளக்கி, சுரண்டி, வாளி வாளியாக அள்ளிக் கொட்டினாள். சாயங்காலம் தண்ணீர் சத்தமில்லாமல் சுட்டது. அண்ணி தலைநிமிர்ந்து வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் நர்ஸின் போன். கீசருக்கு அடியில் தரையெல்லாம் தண்ணீர். அண்ணியோடு நானும் ஓடினேன்.

அண்ணி மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். துரு தின்ற தகட்டில் ஓர் ஓட்டை. என்றைக்கோ விழுந்த ஓட்டை. இத்தனை நாளும் அதை அடைத்துக்கொண்டிருந்தது அந்த உப்புதான். அண்ணி அதையும் சேர்த்து வழித்தெடுத்திருந்தாள், ஒட்டியிருந்த மிச்சத் துணுக்கும் ராத்திரியில் உதிர்ந்துவிட்டது.

"பழைய டேங்க்தானே, தானா போச்சுன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"உப்பத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு அண்ணி நேரே நர்ஸ் முன்னால் போய் நின்றாள்.

"சிஸ்டர், டேங்க் பழசுதான். ஆனா நேத்து வரைக்கும் ஒழுகல. ஓட்டைய உப்பு அடைச்சிட்டு இருந்திருக்கு. தகட்டத் தட்டிப் பாத்திருந்தா இத்துப்போன எடம் சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும். நான் தட்டாம சுரண்டிட்டேன். தப்பு என்னுது."

"தப்பு யாருதா இருந்தா எனக்கென்னம்மா? உள்ள பச்சப் புள்ளைங்க இருக்கு. பிரசவமானவங்க இந்தக் குளிர்ல பச்சத் தண்ணியிலயா குளிப்பாங்க?"

"மத்தியானத்துக்குள்ள வெந்நீர் வரும் சிஸ்டர். வரலன்னா உங்க வாசப்படியே மிதிக்க மாட்டேன்."

தெருவுக்கு வந்ததும் அண்ணி நின்றுவிட்டாள். "அந்தப் பலகைய என்ன பண்றது?" என்று என்னைக் கேட்டாள். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் என்னிடம் கேட்கிறாள்!

"அது எங்கயும் ஓடிடாது. முதல்ல வெந்நீருக்கு வழி பண்ணுங்க அண்ணி" என்றேன்.

வீட்டில் அம்மா துண்டும் கையுமாகக் குளிக்கக் கிளம்பியிருந்தாள்.

"அத்தை, நம்ம கீசரக் கழட்டப் போறேன்."

"கழட்டு! வந்த நாள்லருந்து அதைத்தானே செய்யற!"

விஷயத்தைச் சொன்னதும் அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியைப் பிடித்தாள். "பச்சப் புள்ளைக்குன்னா பேசிட்டே நிக்காம சீக்கிரம் கழட்டு" என்று மருமகளையே விரட்டினாள்.

அண்ணன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். மத்தியானத்துக்கு முன்பே எங்கள் கீசர் ஆஸ்பத்திரிச் சுவரில் ஏறிவிட்டது. சின்னதுதான், ஆனாலும் ஒவ்வொரு வாளியாக, விடாமல் கொடுத்தது. புது டேங்க் வரும் வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாரும் பல் கிடுகிடுக்கப் பச்சைத் தண்ணீரில் குளித்தோம். அம்மா மட்டும் அதிலும் ஒரு பெருமை கண்டுபிடித்தாள். கைக்குழந்தையோடு யார் தெருவில் போனாலும், "எங்க வீட்டு வெந்நீர்ல குளிச்ச புள்ளையா இருக்கும்" என்பாள்.

நர்ஸ் மெஷின்களைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பலகை சுவரைப் பார்த்தபடியே இருந்தது. அண்ணியும் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

புது டேங்க் வந்ததும் அதைப் பொருத்த நர்ஸ் அண்ணியைத்தான் கூப்பிட்டாள். பொருத்தி முடித்ததும் நர்ஸே குழாயைத் திறந்து கை வைத்துப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் வாசலுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, அந்த வாஷிங் மெஷினும் சத்தம் போடுது. நாளையிலருந்து எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ. ஆனா தட்டிப் பாத்துட்டுக் கைய வை."

அண்ணி தெருமுனை வரைக்கும் விறுவிறுவென்று நடந்தாள். அங்கே நின்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

கடை பிடித்த அன்று பலகையை மாட்டப் போனோம். அண்ணன் பலகையைத் தூக்கிப் பிடித்தான். அம்மா தெருவில் நின்றுகொண்டு, "இடது பக்கம் ஏத்து, இன்னும் ஏத்து" என்று அதிகாரம் செய்தாள். அண்ணி ஆணியோடு ஸ்டூலில் ஏறினாள். சுத்தியல் பிடியால் சுவரை டொக் டொக்கென்று தட்டி, காதை வைத்துக் கேட்டாள்.

"இந்த எடத்துல பூச்சு சரியில்ல. கொஞ்சம் தள்ளி அடிக்கலாம்" என்றாள்.

தள்ளி இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆணியை அடித்தாள்.