என் வாசலைத் தாண்டிப் போன கூடை

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு பஸ் வரவில்லை. குப்பை அள்ளும் டிராக்டரும் வரவில்லை. நான் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்த டீச்சர். ஊரின் ஓரத்தில் புதிதாக முளைத்த ஒரு சந்தில் தனியாகக் குடியிருந்தேன். பள்ளிக்கூடமும் மூடியதால் பேச ஆளில்லை.

நாற்றம் தாங்காமல் சந்துக்காரர்கள் தாங்களே முறை வைத்துக்கொண்டார்கள். இருந்தது ஐந்தே வீடு. முறை வந்தவர் பெரிய ஈச்சங்கூடையில் எல்லார் வீட்டுக் குப்பையையும் வாங்கி, ஏரிக்கரைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, கூடையைக் கழுவி அடுத்த வீட்டு வாசலில் கவிழ்த்து வைப்பார். நாளைக்கு அந்த வீட்டின் முறை என்று அர்த்தம். வாய்ப்பேச்சே கிடையாது.

என் வீடு மூன்றாவது. குப்பை அள்ளும்போது கட்டிக்கொள்ள ஒரு பழைய புடவைகூட எடுத்து வைத்திருந்தேன். கூடை இரண்டாவது வீட்டிலிருந்து நேராக நாலாவது வீட்டுக்குப் போய்விட்டது.

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. யார் என்ன சாதி என்று ஊரே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம். என்னுடையது இன்னதென்று அங்கே யாருக்கும் தெரியாது. அதனாலா? இல்லை, என் குப்பை வெறும் ஒரு பிடி வெங்காயத்தோல் என்பதாலா? பஸ் இல்லாவிட்டாலும் கல்வராயன் மலையிலிருந்து நடந்தே வந்த ஒரு பெண்ணிடம் ஒரு முறம் சீத்தாப்பழம் வாங்கினேன். இரண்டு நாள் ஒருத்தியாகத் தின்று தீர்த்து, தோலையும் கொட்டையையும் வாசலில் குவித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மறுசுற்றில் இரண்டாவது வீட்டு அம்மாள் குப்பை வாங்க வந்தார். அடுத்தது நான்தானே என்று கேட்டேன்.

"ஒண்டியா இருக்கறவங்க நீங்க. உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கினுன்னு உட்டுட்டோம் டீச்சர்."

"தொந்தரவு பண்ணுங்க," என்றேன்.

அவர் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை என் வாசலில் கூடை கவிழ்ந்திருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்து முதல் வீட்டுக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. எல்லாரும் வாளியும் கையுமாகச் சந்து முனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சாலை திறந்து டிராக்டர் வந்திருந்தது.

மாற்றலாகிப் போகும்வரை அந்தக் கூடையை என் வாசலிலேயே கவிழ்த்து வைத்திருந்தேன். யாரும் கேட்டு வரவில்லை.