விலையில்லா இதழும் என் ஞாயிற்றுக்கிழமைகளும்

ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளரைத் தேடி யாரும் நட்புக்காக வருவதில்லை. விதி கேட்டுத்தான் வருவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு அப்படித்தான் வந்தார்கள். தாமிரபரணிக் கரையின் மீன், மண், கல்வெட்டு எதைப் பற்றிய ஆய்வானாலும் தாங்களே சரிபார்த்து, அச்சிட்டு, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கம்பெனிகள் நடத்தும் ஆய்விதழ்களில் எழுதினால், எழுதியவரின் கல்லூரி நூலகத்துக்கே சந்தா கட்ட வசதியில்லையாம்.

சங்கமாகப் பதிவு செய்து கொடுத்தேன். "கேட்பவர் எவருக்கும் விலையின்றி" என்று துணைவிதியில் எழுதியதும் நான்தான். சந்தேகம் கேட்க வசதியாக இருக்கும் என்று என்னையே தலைவராக்கிவிட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, அச்சகத்திலிருந்து இதழ் வந்ததும் எல்லோரும் என் வீட்டுக்கு வருவார்கள். மைதா காய்ச்சிய பசை, காக்கித்தாள், தபால்தலை எல்லாம் கூடத்தில் பரப்பியிருக்கும். குறைந்த கட்டணத்தில் போகும் நூல் அஞ்சலில் உறையின் இரு முனையும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அதைத்தான் தவறாமல் ஒட்டினார்கள். நான் பிரித்துப் பிரித்துக் கொடுப்பேன்.

"அண்ணாச்சி, நாங்க ஒட்டுததும் நீங்க கிழிக்கதுமா இருந்தா மக்ரிப் தொழுகைக்கு நான் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்பார் மேலப்பாளையத்துத் தாவரவியல்காரர்.

போகட்டும், மெதுவாகவே போகட்டும் என்றுதான் கிழித்தேனோ என்னவோ. மனைவி இறந்துவிட்டாள். மகன் பம்பாயில். மற்ற நாட்களில் அந்த வீட்டில் பேசியது வானொலி மட்டும்தான்.

தொண்ணூறுகள் முடியும் சமயத்தில் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வரும் விலங்கியல் ஆசிரியை ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனி அச்சு வேண்டாம், இதழை இண்டர்நெட்டில் போட்டுவிடலாம் என்றார். இரண்டையும் செய்ய எங்களிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை.

கல்லிடைக்குறிச்சி வரலாற்றாசிரியர், என் வயதுக்காரர், உடனே பாய்ந்தார். "கரண்டே ஒழுங்கா வரலை. இண்டர்நெட்டாம்! இங்கன எவன்ட்ட இருக்கு வே கம்ப்யூட்டர்?"

"இன்னைக்கு இல்ல சார், நாளைக்கு வரும்" என்றார் ஆசிரியை. "போன மாசம் பழைய இதழ் ஒண்ணு கேட்டு வந்தேன். கடைசிப் பிரதி, வெளியே தர முடியாதுன்னு தலைவர் சொல்லிட்டாங்க. எனக்கே இப்படின்னா, நம்ம முகவரியே தெரியாதவங்க யார்ட்ட போய்க் கேப்பாங்க?"

அன்று அவரை அங்கேயே உட்கார வைத்து, காப்பி கொடுத்துப் படிக்க வைத்தேன். மாலைவரை கூடத்தில் ஓர் ஆள் இருந்தது. அதை அவர் குறையாகத்தான் சொல்லியிருக்க முடியும்.

கை தூக்கச் சொன்னேன். இரு பக்கமும் சமம். சமமானால் தலைவர் வாக்களிக்கலாம். அப்படி வாக்களிக்கும் தலைவர் இருப்பது இருந்தபடி தொடரட்டும் என்ற பக்கம் நிற்பதுதான் மரபு. அந்த மரபைச் சொல்லியிருந்தால் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். எனக்கு என் ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சியிருக்கும். அவ்வளவு வசதியான மரபு என் உத்தியோகக் காலம் முழுவதிலும் எனக்கு வாய்த்ததில்லை.

ஆனால் "கேட்பவர் எவருக்கும்" என்றுதான் எழுதியிருந்தேன். "என் வீட்டுக்கு வந்து கேட்பவருக்கு" என்றில்லை. தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தேன்.

"உமக்கு என்ன வே ஆச்சு?" என்றார் வரலாற்றாசிரியர்.

அடுத்த இதழுக்கு யாரும் வரவில்லை. ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "ஏத்தியாச்சு சார். பையப் பண்ணியும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுட்டு. உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல." கென்யாவிலிருந்து யாரோ கெண்டை மீன் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறாராம். மிக்க மகிழ்ச்சி என்றேன். உண்மையிலேயே மகிழ்ச்சிதான். போனை வைத்த பிறகு, வழக்கம்போல் வாங்கிவிட்ட இரண்டு லிட்டர் பாலை என்ன செய்வது என்று தெரியவில்லை.

சங்கச் சட்டம் மட்டும் என்னைக் கைவிடவில்லை. ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு கூடியே ஆக வேண்டும். அறிவிப்பு அனுப்பினேன். எல்லோரும் வந்தார்கள். கணக்கு, தணிக்கையாளர் நியமனம், நன்றியுரை என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வீண் விவாதப் பொருள்களை வெட்டித் தள்ளியே பெயர் வாங்கிய கண்காணிப்பாளன் தயாரித்த நிகழ்ச்சி நிரல் வேறு எப்படி இருக்கும்? காப்பி ஆறுவதற்குள் செருப்பைத் தேடினார்கள்.

மறு ஆண்டு நிரலை நீட்டினேன். பழைய முத்திரையை என்ன செய்வது, மீந்த காக்கித்தாளை எந்த முறையில் அப்புறப்படுத்துவது, முகவரிப் பட்டியலை எத்தனை ஆண்டு பாதுகாப்பது என்று ஒவ்வொன்றுக்கும் முன்மொழிதல், வழிமொழிதல், விவாதம். மதியம் தாண்டியும் போயிற்று.

வரலாற்றாசிரியர் நிரலைப் புரட்டி, அடுத்த பக்கமும் இருப்பதைக் கண்டார். "என்ன வே இது, காக்கித்தாளுக்கெல்லாம் தீர்மானம் போடுதீரு? சாப்பிட வேண்டாமா?"

"சாப்பாடு சொல்லியிருக்கிறேன்" என்றேன். "அடுத்த பொருள்."