தவிட்டம்மா

மண்முனைத்துறையில் வாவியைக் கடக்கப் பாதைக்காகக் காத்து நிற்கிறேன். லொறியையும் ஏற்றிப் போகும் மிதவைக்கு இங்கே பாதை என்றுதான் பெயர். என் லொறி நிறையத் தவிடு. மூதூரில் எனக்கு இரண்டு நெல் ஆலை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் எவன் தயவும் இல்லாமல் கட்டியவை. என்னுடையதை என்னுடையது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பச்சைக் குழந்தையோடு ஒரு பெண் வருகிறாள். "முதலாளி, ஒரு கை தவிடு தருவீங்களா?"

"மாட்டுக்கா புள்ள? மூட்டையாவே எடு."

"மூட்டை வேணாம். மூணு புள்ளயப் பெத்துப் பறிகுடுத்திட்டன். இவளை உங்களுக்குத் தவிட்டுக்கு வித்திட்டா, மறுகா இவள் என்ட புள்ள இல்ல. எமன் என்ட வாசலுக்கு வந்து என்னத்தக் கேக்கிற?"

அவள் முந்தானையில் தவிட்டைப் போடுகிறேன். குழந்தையை என் கையில் வைக்கிறாள். மூட்டை தூக்கி உரமேறிய கையால் அவள் தலையைத் தாங்கிக்கொள்கிறேன்.

"இப்ப உங்கட புள்ள. வளக்கிறதுக்கு எனக்கிட்டத் தாங்க."

"பேர் என்ன?"

"தவிட்டுக்கு வந்தவள் தவிட்டம்மாதானே."

திருப்பிக் கொடுக்கிறேன். லொறியோடு நான் ஏறியதும் பாதை நகர்கிறது. என் ஆலையில் காலில் மிதிபடும் தவிட்டைக் கரையில் நிற்கும் அவள் முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொள்கிறாள். பிறகு எமனுக்குக் கேட்கட்டும் என்று, குழந்தையின் பெயரை உரக்கச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

பாதையின் ஓரத்துக்கு வந்து நானும் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

"ஓம், அவள் என்ட புள்ளதான்."