நாலு புள்ளிகளும் ஒரு வெள்ளை ரப்பரும்

அந்த வெள்ளை ரப்பரில் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். ஒப்பணக்கார வீதியில் அப்பா வாங்கித் தந்தது. அப்போதெல்லாம் முகர்ந்தால் ஆரஞ்சு மிட்டாய் வாசம் வரும். தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தபோது, என் அத்தை மகளிடம் இல்லாமல் என்னிடம் இருந்த ஒரே பொருள் அதுதான்.

இருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அவள் பல்லடத்துத் தறிக் குடும்பம். நான் மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் மகள். ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை. நான் மாங்கு மாங்கென்று உருப்போட்டதை அவள் ஒருமுறை புரட்டிவிட்டுத் தூங்கப் போவாள். மதிப்பெண்ணில் எனக்கு முன்னால் நிற்பாள். "உங்கத்த மகளப் பாரு கண்ணு" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், பூசி மெழுக என்ன இருக்கிறது?

இறுதியாண்டில் துறைத்தலைவர் எங்கள் இருவருக்கும் ஒரே விண்மீன் கொத்தின் நிற, ஒளி அளவுகளைக் கொடுத்து, தனித்தனியாக வரைபடம் போடச் சொன்னார். வெளித்தேர்வாளருக்கு யாருடையது பிடிக்கிறதோ, அவளுக்கு மட்டும் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சிபாரிசுக் கடிதம். கொத்தில் உள்ளவை எல்லாம் ஒரே முகிலில் ஒன்றாகப் பிறந்தவை. பால்வெளியின் இழுப்பில் மெல்லக் கலைந்து, கடைசியில் ஆளுக்கொரு திசையில் போய்விடும் என்றார். பெரிய விண்மீன்கள் சீக்கிரம் எரிந்து சிவந்து கிழடாகும்; சின்னவை நிதானமாக எரியும். அதனால் வரைபடத்தில் புள்ளிகளின் வரிசை ஓரிடத்தில் சிவப்புப் பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தை வைத்துக் கொத்தின் வயதைச் சொல்லலாம்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு மதியம் விடுதியில் நாங்கள் இருவர் மட்டுமே. என் தாளில் நாலு புள்ளிகள் திருப்பத்துக்கு மேலே போய் விழுந்திருந்தன. எப்போதோ கிழடாகியிருக்க வேண்டிய விண்மீன்கள், நீலமாக, இளமையாக நின்றன. தப்பாகக் குறித்துவிட்டேன் என்று நினைத்துச் சுத்தமாக அழித்தேன். சற்று நேரத்தில் அவள் தலை நிமிர்ந்தாள்.

"ஏம்புள்ள, அந்த ரப்பரக் குடு. நாலு புள்ளி தாறுமாறா உழுந்துபோச்சு."

அதே நாலு. ரப்பர் என் உள்ளங்கைக்குள் இருந்தது.

"அதக் காணோம் புள்ள. தொலைஞ்சுபோச்சு."

விரலால் தேய்த்துப் பார்த்தாள். கறைதான் படிந்தது. "போவுது போ" என்று விட்டுவிட்டாள். நாளைக்கு அவள் தாள் சந்தி சிரிக்கப்போகிறது என்று எனக்குள் ஒரே குளுகுளுப்பு.

மறுநாள் தேர்வாளர் என் தாளைப் பார்த்து "சுத்தமா இருக்கு" என்று ஓரமாக வைத்தார். அவள் தாளை எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த நாலையும் ஏம்மா விட்டு வெச்சே?"

"அழிச்சுப்போடலாம்னுதானுங்க சார் இருந்தேன். ரப்பர் சிக்கலீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவை தப்பே இல்லை. பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி இளமையானவை, பெரும்பாலான மாணவர்கள் பிழையென்று அழித்துவிடுவார்கள் என்றார். கடிதம் அவளுக்குப் போயிற்று.

நான் மேட்டுப்பாளையத்தில் பள்ளி ஆசிரியையானேன். அவள் சிலி நாட்டில் ஒரு மலையுச்சியில், தொலைநோக்கியோடு இருக்கிறாள். போன தை மாதம் சரவணம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தாள். ஐம்பது தாண்டியும் ஒரு நரை இல்லை. சாயமா என்று வகிட்டை உற்றுப் பார்த்தேன். பாவி, வேரும் கறுப்பு. பந்தியில் என் தோளில் கைபோட்டு எல்லோரிடமும் சொன்னாள்: "இவ ரப்பரு தொலைஞ்சதாலதானுங்க நா இன்னைக்கு இப்படி இருக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆமா, அது அப்பறம் கெடச்சுதா புள்ள?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து அதை எடுத்துப் பார்த்தேன். ஆரஞ்சு வாசம் போய்விட்டது. அந்த ஞாயிறுக்குப் பிறகு அதை வைத்து நான் எதையும் அழித்ததில்லை. நாலு புள்ளி அழித்த அளவுக்குத்தான் தேய்ந்திருக்கிறது.