தோஷக் கல்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மாடி அறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குடியிருந்தாள். மலை சுற்ற வந்தவள், ஒரு வருடம் தங்கிவிட்டாள். வடக்கே புறப்பட்டபோது, ரயிலில் திருட்டுப் போய்விடும் என்று உடுப்பில் குத்திக்கொள்ளும் தன் பழைய ப்ரூச்சை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தங்கச் சட்டத்துக்குள் சிவப்புக் கல். கல்லின் மேலடுக்கு மட்டும் வெள்ளை; அதில் ஒரு பெண்ணின் முகம் செதுக்கியிருந்தது. நாலு தலைமுறைக்கு முந்திய அவள் வீட்டுப் பெண். மூக்கு அப்படியே இவளுடைய மூக்கு.

வீட்டில் பூட்டு இருந்தது அப்பாவின் பீரோவுக்குத்தான். அவரிடம் கொடுத்தேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது.

எட்டு மாதம் கடிதமே இல்லை. அண்ணனுக்கு கவர்மெண்ட் வேலை கிடைக்க சிவப்புக் கல் மோதிரம் போடச் சொன்னார் ஜோசியர். ஒருநாள் காலேஜிலிருந்து வந்தேன். அண்ணன் விரலில் வழவழவென்று ஒரு சிவப்புக் கல்.

"அவ எங்க வரப் போறா? கல்லுல வெள்ளைத் திட்டு இருந்தா தோஷமாம். சாணையில குடுத்து எடுத்துட்டேன்" என்றார் அப்பா, ஏதோ சாதித்தவர் மாதிரி.

"திட்டு இல்லப்பா, அது முகம்!"

"அது இன்னும் மோசம். செத்தவ முகத்த கையில மாட்டிக்கினு சுத்துவானா?"

கத்தினேன். அன்று சாப்பிடவில்லை. யாருக்கும் உறைக்கவில்லை. அடுத்தவள் பொருள் என்பதைவிட வெள்ளைத் திட்டுதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது.

ஆடி மாதத்தில் அவள் திரும்பி வந்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் சோப்புப் போட்டு மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான். அவள் கட்டைவிரலால் கல்லின் மேல் தடவித் தடவிப் பார்த்தாள், எங்காவது மேடு மிச்சமிருக்கிறதா என்று. பிறகு மேஜையில் வைத்துவிட்டு, "உங்கள் அண்ணன் அளவுக்குத்தானே செய்திருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த வெட்கங்கெட்டவன் உடனே எடுத்து மாட்டிக்கொண்டான்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"காபி சாப்புடுறீங்களாம்மா?"

அதுதான் எங்கள் வீடு அவளிடம் கேட்ட மன்னிப்பு. அவளும் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.